யாருடைய தற்காப்பு?

சென்ற வாரம் நூற்பாலைத் தொழிலாளர் சங்க அலுவலகத்தில் அரசியல் வகுப்பு நடந்தது. வகுப்பு முடியும் தறுவாயில் ஸ்பின்னிங் இலாகாவில் சைடு பார்க்கும் இளம் தோழர் ஒருவர் எழுந்தார். இருபத்திரண்டு வயதிருக்கும். அவர் கேட்டது இதுதான்:

“தோழர், உடம்புக்குள் போய் விரிகிற குண்டை யுத்தத்தில் எதிரி மீது சுடக்கூடாது என்று உலக ஒப்பந்தம் இருக்கிறதாம். அதே குண்டை அமெரிக்காவில் கடையில் வைத்துத் தற்காப்புக்கு உகந்தது என்று விற்கிறார்கள். போலீசுக்கும் கொடுக்கிறார்கள். படையெடுத்து வரும் எதிரிக்கே ஆகாத குண்டு சொந்த ஜனங்களுக்கு எப்படி ஆகும்?”

வகுப்பு நடத்தியவர் உடனே பதில் சொல்ல முடியாமல் திணறினார். திணறியவர் இந்தத் தலையங்கத்தை எழுதுகிறவரேதான் என்பதை மறைப்பானேன்? வீட்டுக்குப் போய்ப் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்தபோது, அந்த இளைஞரின் கேள்வி நூறாண்டுகளுக்கு மேற்பட்ட ஒரு பெரிய அயோக்கியத்தனத்தின் நடுமுதுகில் போய்த் தைக்கிற கேள்வி என்று விளங்கிற்று. அவருக்குச் சொல்ல வேண்டிய பதிலை எல்லாத் தோழர்களுக்குமாக இங்கே எழுதுகிறோம்.

முதலில் பொருள் இன்னதென்று தெரிந்து கொள்வோம். சாதாரணத் தோட்டாவின் குண்டு ஈயத்தால் ஆனது. அதன் மேல் செம்பு அல்லது நிக்கல் கலந்த உலோக உறை முழுவதுமாக மூடியிருக்கும். உறை கெட்டியாக இருப்பதால் குண்டு உருக்குலையாமல் உடம்பில் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறிப் போகும். குழிமுனைத் தோட்டாவோ வேறு ரகம். அதன் முனையில் உறை இல்லாமல் ஒரு குழி விட்டிருப்பார்கள். சதைக்குள் நுழைந்தவுடன் ரத்தமும் சதையும் அந்தக் குழிக்குள் வேகத்தோடு புகுந்து அடைக்கும். அந்த அழுத்தத்தில் முனை பிளந்து பூவிதழ் போலப் பின்னால் மடிந்து விரியும். ஒன்பது மில்லிமீட்டர் குண்டு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு அகலமாகிவிடும். அகலமானது வழியிலுள்ளதை எல்லாம் கிழிக்கும். பெரும்பாலும் வெளியே வராமல் உள்ளேயே தங்கிவிடும். இதுதான் அதன் வேலை. இதற்காகவே செய்யப்பட்டது.

இந்த வித்தையை ராணுவத்துக்காகப் பெருமளவில் செய்து பார்த்த இடம் எது தெரியுமா? லண்டனுமல்ல, பெர்லினுமல்ல. நம்முடைய கல்கத்தாவுக்குப் பக்கத்தில் இருக்கும் டம்டம். இன்று விமான நிலையம் இருக்கிறதே, அதே டம்டம்தான். அங்கிருந்த ஆயுதப் பட்டறையில்தான், பெர்ட்டி க்ளே என்ற ஆங்கிலேய காப்டனின் மேற்பார்வையில் 1896-97-ம் ஆண்டுகளில் இந்தக் குண்டு உருவாயிற்று. அதனால்தான் உலகம் பூராவும் அதற்கு “டம்டம் குண்டு” என்று பெயர். பட்டுக்கும் மஸ்லினுக்கும் பெயர் போன வங்காளத்தின் பெயரை வெள்ளைக்காரன் எதற்குச் சூட்டினான் பாருங்கள்!

டம்டம் என்றதும் இன்னொரு சங்கதி நினைவுக்கு வருகிறது. 1857 ஜனவரியில் இதே டம்டம் பட்டறையைச் சேர்ந்த ஒரு கலாசித் தொழிலாளி, ஒரு பிராமணச் சிப்பாயிடம் குடிக்க லோட்டாவில் தண்ணீர் கேட்டான். நீ தொட்டால் தீட்டு என்று சிப்பாய் மறுத்துவிட்டான். “உன் ஜாதி ஆசாரம் எத்தனை நாளைக்கு? நாளைக்குப் பசுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் தடவிய தோட்டாவை நீ பல்லால் கடிக்கப் போகிறாயே!” என்ற கருத்தில் அந்தத் தொழிலாளி திருப்பிக் கொடுத்தான் என்று சரித்திரம் எழுதியவர்கள் குறித்திருக்கிறார்கள். அந்தச் செய்திதான் பட்டாளம் பட்டாளமாகப் பரவிற்று. அந்த வருஷம் என்ன நடந்தது என்பது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். தோட்டா செய்கிற இடத்தில் என்ன செய்கிறார்கள் என்று முதலில் அறிகிறவன் தொழிலாளிதான்.

மறுபடி விஷயத்துக்கு வருவோம். டம்டம் குண்டை ஏன் செய்தார்கள்? 1895-ல் வடமேற்கு எல்லைப்புறத்தில் சித்ரால் மலைகளில் நடந்த சண்டையில், புதிதாக வந்த லீ மெட்போர்டு துப்பாக்கியின் மெல்லிய குண்டு மலைவாசிகளைத் துளைத்துக் கொண்டு போனதே தவிர உடனே சாய்க்கவில்லை என்று வெள்ளை அதிகாரிகள் குறைப்பட்டுக் கொண்டார்கள். சொந்த மண்ணைக் காக்க ஓடி வருகிறவன் ஒரு குண்டு பட்டும் ஓடி வருகிறானாம்! என்ன துணிச்சல்! அவனை ஒரே குண்டில் கீழே தள்ள வேண்டும் என்று உறையின் முனையைச் சீவி ஈயத்தை வெளியே தெரிய விட்டார்கள். அதை 1897-98-ல் திரா பள்ளத்தாக்கில் அப்ரீதி, ஒரக்சாய் மக்கள் மீது பிரயோகித்தார்கள். ஜெனரல் லாக்ஹார்ட்டின் தலைமையில் 35,000-க்கு நெருங்கிய படை. கிராமங்களைக் கொளுத்தினார்கள், தானியக் களஞ்சியங்களைச் சூறையாடினார்கள், குளிர்காலம் நெருங்கும்போது பெண்டு பிள்ளைகளை மலைமேல் விரட்டினார்கள்.

அந்தச் செலவு யார் தலையில் விழுந்தது? இந்தியக் கஜானாவின் தலையில். 1896-97-ல் நாட்டில் என்ன நடந்து கொண்டிருந்தது? பெரும் பஞ்சம்! வட இந்தியாவிலும் மத்திய மாகாணத்திலும் லட்சக்கணக்கான ஜனங்கள் மடிந்தார்கள். சென்னை மாகாணத்தில் பல்லாரி, அனந்தபூர், கர்நூல் ஜில்லாக்களில் விவசாயி பஞ்ச நிவாரணக் கூலிக்குக் கல்லுடைத்தான். பம்பாயில் பிளேக். நிலவரியும் உப்பு வரியும் பிடுங்கிச் சேர்த்த பணம் டம்டம் பட்டறையில் ஈயமாக உருகியது. மிதவாதிகள் நிறைந்திருந்த அன்றைய காங்கிரஸ் மகாசபைகூட, 1897 டிசம்பரில் சங்கரன் நாயர் தலைமையில் அமராவதியில் கூடியபோது இந்த எல்லைப்புறக் கொள்கையைக் கண்டிக்க வேண்டியதாயிற்று.

இந்தியாவில் சோதித்த சரக்கு ஆப்பிரிக்காவுக்குப் போயிற்று. 1898-ல் சூடானில் கிச்சனரின் படை முன்னேறியது. வுல்விச் ஆயுதச் சாலை குழிமுனைத் தோட்டாவைச் செய்து அனுப்பும் முன்பே, நைல் நதிக்கரை முகாமில் வெள்ளைச் சிப்பாய்கள் உட்கார்ந்து தங்களிடமிருந்த தோட்டாக்களின் முனையை அரத்தால் ராவினார்கள். அந்தக் காட்சியைக் கண் முன்னே நிறுத்திப் பாருங்கள்! நம் பிட்டர் தோழர் பட்டறையில் இரும்பை ராவுவது போல, மனிதனைக் கிழிக்க ஈயத்தை ராவுகிறார்கள். 1898 செப்டம்பர் 2-ந் தேதி ஓம்டுர்மானில் பீரங்கியும் மாக்சிம் யந்திரத் துப்பாக்கியும் இந்தத் தோட்டாவும் சேர்ந்து ஒரே காலைப் பொழுதில் பத்தாயிரம் சூடானியருக்கு மேல் கொன்றன. எதிர்ப்பக்கத்தில் செத்தவர்கள் ஐம்பது பேருக்கும் குறைவு. இதைச் சண்டை என்று சரித்திரப் பாடத்தில் எழுதியிருக்கிறார்கள்.

ஹேக் மாநாட்டின் நாகரிகம்

1899-ல் ரஷ்யச் சக்கரவர்த்தி இரண்டாம் நிக்கோலஸின் அழைப்பின் பேரில் ஹாலந்து தேசத்தின் ஹேக் நகரில் 26 நாடுகள் கூடின. சமாதான மாநாடாம்! ஜார் மன்னன் சமாதானம் பேசினால் அதன் லட்சணம் என்ன என்று ரஷ்யத் தொழிலாளிகள் 1905-ல் நேரில் அனுபவித்தார்கள். அது வேறு கதை. ஆனால் அந்த மாநாட்டில் ஒரு நல்ல காரியம் நடந்தது. மனித உடம்பில் சுலபமாக விரியும் அல்லது தட்டையாகும் குண்டுகளை உபயோகிப்பதில்லை என்று ஜூலை 29-ந் தேதி ஒரு பிரகடனம் நிறைவேறிற்று. ஜெர்மன் சத்திர சிகிச்சை நிபுணர் புரூன்ஸ் டூபிங்கனில் நடத்திய சோதனைகள், எலும்பும் தசையும் எவ்வாறு சிதறுகின்றன என்று முன்கூட்டியே காட்டியிருந்தன. (அவர் சோதித்தது டம்டம் குண்டே அல்ல, வேட்டைக் குண்டு என்று பிரிட்டன் வாதாடிற்று. அதில் உண்மை இருக்கலாம். ஆனால் சூடானியனின் தசை, வேட்டைக் குண்டுக்கும் டம்டமுக்கும் வித்தியாசம் பார்த்திருக்குமா?)

எதிர்த்து ஓட்டுப் போட்ட வல்லரசுகள் யாவை? பிரிட்டன் ஒன்று, அமெரிக்கா மற்றொன்று. பிரிட்டிஷ் பிரதிநிதி சர் ஜான் ஆர்டா எழுந்து சொன்ன நியாயத்தைக் கேளுங்கள். நாகரிகமுள்ள நாட்டின் சிப்பாய் குண்டு பட்டால், தான் காயப்பட்டோம் என்று உணர்ந்து சிகிச்சைக்குப் போய்விடுவானாம். காட்டுமிராண்டியோ இரண்டு மூன்று முறை துளைக்கப்பட்டும் ஈட்டியோடு ஓடி வருவானாம். ஆகையால் அவனுக்குத் தனிக் குண்டு வேண்டுமாம்! இந்த வார்த்தைகளை ஒரு ராஜ்யத்தின் பிரதிநிதி சமாதான மாநாட்டில் வெட்கமில்லாமல் சொன்னார். அமெரிக்காவின் காப்டன் குரோசியரும் வேறு வாசகம் வேண்டும் என்று மல்லுக்கு நின்றார். அந்த வருஷம் பிப்ரவரியில்தான் அமெரிக்கா பிலிப்பைன்ஸ் மக்கள் மீது யுத்தம் தொடங்கியிருந்தது என்பதை மறக்க வேண்டாம்.

பிரகடனம் நிறைவேறிற்றே, பிரச்னை தீர்ந்ததா? தீரவில்லை. அதன் கடைசிப் பகுதியில் ஓர் ஓட்டை வைத்தார்கள். கையெழுத்திட்ட நாடுகள் தங்களுக்குள் செய்யும் யுத்தத்தில் மட்டுமே இது கட்டுப்படுத்தும். அப்ரீதிக்கு ஹேக்கில் நாற்காலி ஏது? சூடானிக்கு ஏது? இந்தியனுக்குத்தான் ஏது? வெள்ளையன் வெள்ளையனைச் சுடும்போது முழு உறைக் குண்டு. கறுப்பனைச் சுடும்போது குழிமுனைக் குண்டு. அதே ஆண்டு அக்டோபரில் தென்னாப்பிரிக்காவில் போயர்களுடன் யுத்தம் மூண்டபோது, பிரிட்டன் தன் துருப்புகளுக்குப் பழைய முழு உறைத் தோட்டாவையே வழங்குவதென்று முடிவு செய்தது. உறை கழன்று குழலில் சிக்கும் கோளாறும் அதற்கு ஒரு காரணம் என்பதை நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். ஆனால் போயர்கள் வெள்ளையர்கள் என்பது அதைவிடச் சின்னக் காரணமல்ல. பிரிட்டன் பிரகடனத்தில் சேர்ந்தது 1907-ல். அமெரிக்கா இன்று வரை சேரவில்லை.

இந்தியர்களைப் பற்றி ஒரு வார்த்தை. 1878-ம் வருஷத்து ஆயுதச் சட்டம் இந்தியன் லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்தால் குற்றம் என்றது. ஐரோப்பியருக்கு விலக்கு அளித்தது. தோட்டத் துரைக்குத் தற்காப்பு உண்டு, தோட்டக் கூலிக்கு இல்லை. கீழ்த் தஞ்சையில் பண்ணையார் வீட்டுச் சுவரில் தொங்கிய துப்பாக்கி எந்தத் திருடனுக்காகத் தொங்கிற்று என்று வயதான விவசாயத் தொழிலாளித் தோழர்களைக் கேட்டால் சொல்வார்கள். தற்காப்பு என்ற சொல்லைக் கேட்டவுடன் யாருடைய தற்காப்பு, யாரிடமிருந்து, என்று நாம் கேட்கப் பழகியது இப்படித்தான்.

மாட்டைச் சுட்டு, மனிதனுக்கு விற்றார்கள்

இனி கைத்துப்பாக்கிக்கு வருவோம். பிலிப்பைன்ஸில் மோரோ மக்களைச் சுட்ட அமெரிக்க அதிகாரிகள், பிரிட்டிஷ்காரன் சித்ராலில் பாடிய அதே பல்லவியைப் பாடினார்கள்: எங்கள் கைத்துப்பாக்கிக் குண்டு பட்டும் விழமாட்டேன் என்கிறான்! உடனே 1904-ல் தாம்சன், லாகார்டு என்ற இரண்டு அதிகாரிகளை நியமித்தார்கள். சிகாகோ கசாப்புக் கிடங்கில் உயிருள்ள மாடுகளையும், செத்த மனித உடல்களையும் சுட்டுச் சுட்டுப் பார்த்து, பருமனான குண்டே வேண்டும் என்று அவர்கள் முடிவு கட்டினார்கள். எதிரியை “நிறுத்தும் சக்தி” என்று இன்று ஒவ்வொரு தோட்டாப் பெட்டியும் பெருமையடிக்கிறதே, அந்த வார்த்தையின் பூர்வீகம் காலனி மக்களின் நெஞ்சும் சிகாகோ கசாப்புக் கிடங்கும்தான்.

1960-களில் “சூப்பர் வெல்” என்ற கம்பெனி, வேகமான குழிமுனைக் கைத்துப்பாக்கித் தோட்டாவை அமெரிக்கப் போலீசுக்கு விற்கத் தொடங்கிற்று. அது வாட்ஸிலும் டெட்ராய்ட்டிலும் கறுப்பின மக்கள் கொதித்தெழுந்த காலம். யுத்தத்தில் ஆகாததை எங்கள் மீது சுடுவதா என்று குடியுரிமைச் சங்கத்தார் ஆட்சேபித்தார்கள். ஹேக் பிரகடனம் யுத்தத்துக்குத்தான், போலீசுக்கல்ல என்று பதில் வந்தது. சட்டப்படி அந்தப் பதில் சரி. சட்டம் எப்படி எழுதப்பட்டிருக்கிறது பார்த்தீர்களா, தோழர்களே!

1986 ஏப்ரல் 11-ந் தேதி மயாமியில் இரண்டு கொள்ளையர்களுடன் நடந்த துப்பாக்கிச் சண்டையில் எப்.பி.ஐ. போலீசார் இருவர் மாண்டனர். ஒரு கொள்ளையன் நெஞ்சில் பாய்ந்த குழிமுனைக் குண்டு, இதயத்தை எட்டும் முன் நின்றுவிட்டதே காரணம் என்று எப்.பி.ஐ. சொல்லிற்று. இரண்டு போலீஸ்காரர்கள் செத்தது துயரம்தான். அதை நாம் ஏளனம் செய்யவில்லை. ஆனால் பின்னால் நடந்த வியாபாரத்தைப் பாருங்கள். குண்டு 12 அங்குலத்திலிருந்து 18 அங்குலம் வரை பாய வேண்டும் என்று ஜெலட்டின் பாளத்தில் சுட்டு அளவுகோல் வகுத்தார்கள். ஒன்பது மில்லிமீட்டர் போதாது, பத்து மில்லிமீட்டர் வேண்டும் என்றார்கள். பத்து அதிகம், நாற்பது காலிபர் போதும் என்றார்கள். 2016-ல் மறுபடி ஒன்பதே நல்லது என்று வந்து சேர்ந்தார்கள். ஒவ்வொரு தடவையும் ஊர் ஊராகப் போலீஸ் இலாகாக்கள் பழைய துப்பாக்கியைப் போட்டுப் புதிய துப்பாக்கி வாங்கின. கொழுத்தது யார் என்று சொல்லவும் வேண்டுமா?

போலீஸ் வாங்கினால் போதுமா? கம்பெனிக்கு ஊரே வாங்க வேண்டும். பழகுவதற்குச் சாதாரணத் தோட்டா, ஐம்பது கொண்ட பெட்டி. தற்காப்புக்குக் குழிமுனைத் தோட்டா, இருபது கொண்ட சின்னப் பெட்டி, தோட்டா ஒன்றுக்கு இரண்டு மூன்று பங்கு விலை. பெயர்களைக் கேளுங்கள்: ‘கோல்ட் டாட்’, ‘கோல்டன் சேபர்’, ‘கிரிட்டிக்கல் டிபென்ஸ்’. 2011-12 வாக்கில் ஒரு கம்பெனி, சினிமாவில் வரும் நடமாடும் பிணங்களைச் சுடுவதற்கென்று ‘ஜோம்பி மாக்ஸ்’ என்ற பெயரிலேயே தோட்டா விற்றது. வேடிக்கையல்ல, நிஜத் தோட்டா! பயத்தை விற்கத் தெரிந்தவனுக்குப் பிணமும் ஒரு வாடிக்கைதான்.

இவற்றில் பேர் போனது வின்செஸ்டர் கம்பெனியின் ‘பிளாக் டாலன்’. கறுப்பு நகம் என்று அர்த்தம். 1990-களின் தொடக்கத்தில் சந்தைக்கு வந்தது. விரிந்தால் ஆறு இதழ்கள், ஒவ்வொன்றின் முனையும் கூர்மை. காயத்தில் கைவிடும் டாக்டரின் விரலையே அது கிழிக்கும் என்று ஆஸ்பத்திரிகளில் பயந்தார்கள். 1993 ஜூலை 1-ந் தேதி சான்பிரான்சிஸ்கோவில் ஒருவன் வக்கீல் அலுவலகத்தில் புகுந்து 8 பேரைக் கொன்றான். அவனிடம் இந்தத் தோட்டாவும் இருந்தது. அமெரிக்க செனட்டில் மொய்னிஹன் என்பவர் இப்படிப்பட்ட தோட்டாவுக்கு நூற்றுக்குப் பத்தாயிரம் வரி போட வேண்டும் என்றார். கூச்சல் அதிகமாகவே, நவம்பரில் கம்பெனி பொது விற்பனையை நிறுத்திற்று. போலீசுக்கு மட்டும் தொடர்ந்து கொடுத்தது. ஆனால் விற்றது விற்றதுதானே? டிசம்பர் 7-ந் தேதி மாலை, நியூயார்க்கிலிருந்து வேலை முடிந்து வீடு திரும்பும் ஜனங்கள் நிறைந்த லாங் ஐலண்டு ரயிலில் ஒருவன் இந்தத் தோட்டாவால் 6 பேரைக் கொன்றான். 19 பேரைக் காயப்படுத்தினான்.

அந்த ரயிலில் கணவனைப் பறிகொடுத்து, மகன் படுகாயமடைந்த கரோலின் மெக்கார்த்தி என்ற நர்சும், காயம்பட்ட மற்றவர்களும் வின்செஸ்டரின் சொந்தக்காரரான ஓலின் கார்ப்பரேஷன் மீது வழக்குத் தொடர்ந்தார்கள். 1997-ல் அப்பீல் கோர்ட்டு கூறிய தீர்ப்பின் சாரம் என்ன? சரக்கில் குறைபாடு இருந்தால்தான் கம்பெனி பொறுப்பு. இந்தத் தோட்டா விரிய வேண்டும் என்றே செய்யப்பட்டது, செய்தபடியே விரிந்தது. ஆகவே குறைபாடு ஏதுமில்லை! மில்லில் நூல் அறுந்தால் நம் கூலியில் பிடிக்கிறான். அங்கே மனிதன் அறுந்தான். சரக்கு நல்ல சரக்கு என்று கோர்ட்டு சர்ட்டிபிகேட் கொடுத்தது. 2005-ல் இன்னும் ஒரு படி மேலே போய், துப்பாக்கி, தோட்டா முதலாளிகள் மீது இப்படிப்பட்ட வழக்குகள் வராமல் தடுக்க அமெரிக்கப் பார்லிமெண்டே சட்டம் செய்தது. தற்காப்பு முதன்முதலில் யாருக்குக் கிடைத்தது பார்த்தீர்களா? முதலாளிக்கு.

சாதாரண அமெரிக்கனுக்குக் கிடைத்ததா? 2021-ம் ஆண்டில் அந்த நாட்டில் துப்பாக்கியால் மாண்டவர்கள் 48,830 பேர். அதில் 26,328 பேர் தங்களைத் தாங்களே சுட்டுக் கொண்டவர்கள். திருடனுக்காக மேஜை அறையில் வைத்த துப்பாக்கி, கடனிலும் வேலையின்மையிலும் மனமுடைந்த வீட்டுக்காரனையே தின்கிறது.

அந்தத் தோட்டாவைச் செய்த தொழிலாளிக்காவது தற்காப்பு உண்டா? இல்லினாய் மாநிலத்தில் ஈஸ்ட் ஆல்டன் என்ற ஊர். அங்கேதான் வின்செஸ்டர் தோட்டா ஆலை. 2010-ல் சலுகைகளை விட்டுக் கொடுங்கள் என்று ஓலின் முதலாளி கேட்டான். மெக்கானிக்குகள் சங்கத்தைச் சேர்ந்த தொழிலாளிகள் முடியாதென்று ஓட்டுப் போட்டார்கள். நவம்பரில் முதலாளி அறிவித்தான்: துப்பாக்கித் தோட்டா இலாகாவைப் பெயர்த்து மிசிசிப்பி மாநிலத்துக்குக் கொண்டு போகிறோம்! சங்கத்தை நொண்டியாக்கும் சட்டம் உள்ள தென் மாநிலம் அது; மாநில சர்க்கார் சலுகைகளை அள்ளிக் கொடுத்தது. சுமார் ஆயிரம் வேலைகள் போயின. தலைமுறை தலைமுறையாக ஊரார் தற்காப்புக்குத் தோட்டா செய்த கைகளுக்குச் சொந்த வேலையைக் காக்க ஒரு தோட்டாவும் உதவவில்லை. கோவையிலும் மதுரையிலும் மில் கதவு மூடக் கண்ட தோழர்களுக்கு இந்தக் கதையை விளக்கத் தேவையில்லை.

எதிர்த்தரப்பு வாதம்

எதிர்த்தரப்பின் வாதம் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். முழு உறைக் குண்டு குறிபட்டவனைத் துளைத்துப் பின்னால் நிற்கும் அப்பாவியையும் கொல்லும். குழிமுனைக் குண்டு ஒருவனோடு நின்றுவிடும். ஜனநெருக்கமுள்ள நகரத்தில் இதுவே மேல் என்கிறார்கள். நியூயார்க் போலீஸ் 1998-ல் குழிமுனைக்கு மாறியபோது கூறிய காரணம் இதுதான். இது பொய்யல்ல. ரயிலடியில் நிற்கும் நம் வீட்டுப் பெண் மீது இன்னொருவனைத் துளைத்த குண்டு பாயக்கூடாது என்பதில் யாருக்கு ஆட்சேபணை? குண்டின் வடிவத்தை மட்டும் பார்த்து, இது நல்லது, அது பொல்லாதது என்று தீர்ப்புச் சொன்னால் நாமும் ஏமாந்து போவோம். தூத்துக்குடியில் 2018 மே மாதம் ஆலை நச்சை எதிர்த்து நின்ற 13 பேரின் உயிரைக் குடித்த துப்பாக்கிச் சூட்டுக்குக் குழிமுனைத் தோட்டா தேவைப்படவில்லை. ஓடியவர்கள் மீது, தூண்டுதல் ஏதுமின்றிச் சுட்டார்கள் என்று நீதிபதி அருணா ஜெகதீசன் கமிஷன் அறிக்கை 2022-ல் வெளியாயிற்று. ஒருவனோடு நிற்கும் குண்டு என்றால், அந்த ஒருவன் யார் என்று முடிவு செய்கிறவன் யார்? தவறாக முடிவு செய்தால் அவனைக் கேட்பது யார்? கேள்வி அங்கேதான் இருக்கிறது.

லண்டனில் நடந்ததைச் சொல்லுகிறோம். 2005 ஜூலை 7-ல் அங்கே பாதாள ரயிலிலும் பஸ்ஸிலும் குண்டு வெடித்து 52 ஜனங்கள் மாண்டார்கள். 21-ந் தேதி மறுபடி முயற்சி நடந்து வெடிக்காமல் போயிற்று. மறுநாள் காலை, ழான் சார்லஸ் டி மெனெசிஸ் என்ற 27 வயது பிரேசில் நாட்டு எலக்ட்ரீஷியன் வீட்டிலிருந்து வேலைக்குப் புறப்பட்டான். கில்பர்னில் ஒரு தீ எச்சரிக்கை மணி பழுதாகியிருந்தது. அதைச் சரி செய்ய வேண்டும். அவன் குடியிருந்த கட்டிடத்தின் விலாசம் சந்தேக நபர் ஒருவனின் விலாசமாகவும் இருந்தது. அவ்வளவுதான். ஸ்டாக்வெல் ரயிலடியில் அவன் பெட்டியில் ஏறி உட்கார்ந்த பிறகு போலீசார் நெருங்கித் தலையில் ஏழு குண்டு சுட்டார்கள். குழிமுனைத் தோட்டா! எந்தப் பிரிட்டனின் சிப்பாய் அதை யுத்தத்தில் சுடக்கூடாதோ, அதே பிரிட்டனின் போலீஸ், ரயிலில் வேலைக்குப் போன தொழிலாளி மீது அதைச் சுட்டது.

ஒரு போலீஸ்காரர் மீதும் கொலைக் குற்றம் சாட்டப்படவில்லை. இலாகாவின் மீது மட்டும் வழக்குப் போட்டார்கள். எந்தச் சட்டத்தின் கீழ்? ஆலைகளிலும் வேலைத் தலங்களிலும் உயிர்ப் பாதுகாப்புக்காக 1974-ல் இயற்றப்பட்ட தொழிலிடச் சுகாதார, பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்! 2007 நவம்பரில் 1,75,000 பவுன் அபராதம், 3,85,000 பவுன் கோர்ட்டுச் செலவு. அதையும் வரிப் பணத்திலிருந்து கட்டினார்கள்.

இனி நம் நிலை. தற்காப்பு உரிமையை நாம் மறுக்கவில்லை. அடிக்க வருகிறவன் கையைப் பிடிக்க எவருக்கும் உரிமை உண்டு. 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்திலும் அந்த உரிமை இருக்கிறது, தேவைக்கு மிஞ்சிய தீங்கு கூடாது என்ற வரம்போடு. ஆனால் தனித்தனி மனிதன் தனித்தனிப் பெட்டித் தோட்டா வாங்கி, தனித்தனிக் கதவுக்குப் பின்னால் நடுங்கிக் கொண்டிருப்பதைத் தற்காப்பு என்று நம்மிடம் விற்க வருகிறவனை வாசலிலேயே நிறுத்த வேண்டும். நம் இளைஞர்களின் கைபேசியில் இந்தத் துப்பாக்கிப் படங்களும் பெருமைப் பேச்சும் ராப்பகலாக வந்து விழுகின்றன. சங்கங்கள் இதைக் கவனிக்க வேண்டும். வகுப்புகளில் பேச வேண்டும்.

சர்க்காரைக் கேட்க வேண்டியவை இருக்கின்றன. விரியும் குண்டை யுத்தத்தில் உபயோகிப்பது போர்க் குற்றம் என்று 1998-ல் உருவான ரோம் உடன்படிக்கை சொல்லுகிறது. உள்நாட்டுச் சண்டைக்கும் அது பொருந்தும் என்று 2010-ல் கம்பாலாவில் திருத்தினார்கள். இந்தியா அந்த உடன்படிக்கையில் சேரவில்லை. அமெரிக்காவும் சேரவில்லை, 2015-ல் அதன் ராணுவம் தன் புதிய கைத்துப்பாக்கிக்குக் குழிமுனைத் தோட்டா பரிசீலிக்கிறோம் என்று பகிரங்கமாகவே அறிவித்தது. டம்டம் குண்டை முதலில் வயிற்றில் வாங்கிய துணைக்கண்டம் அமெரிக்காவின் வரிசையில் நிற்க வேண்டிய காரணம் என்ன? மத்திய சர்க்கார் பதில் சொல்லட்டும்.

மாநிலப் போலீசாரின் கையில் எந்த வகைத் துப்பாக்கி, எந்த வகைத் தோட்டா இருக்கிறது என்பது சட்டசபையில் வைக்கப்பட வேண்டும். கூட்டத்தின் மீது உயிர்க் குண்டு சுட உத்தரவிட்டவரின் பெயர் அன்றே வெளியாக வேண்டும். போலீஸ் சுட்டு ஒருவர் செத்தால் வழக்குப் பதிவு, வேறு ஸ்டேஷன் அல்லது சி.ஐ.டி. விசாரணை, மாஜிஸ்திரேட் விசாரணை ஆகிய மூன்றும் நடக்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு 2014 செப்டம்பர் 23-ல் உத்தரவிட்டிருக்கிறது. உங்கள் ஜில்லாவில் அதன் பிறகு நடந்த ஒவ்வொரு சம்பவத்திலும் இந்த மூன்றும் நடந்தனவா? கிளைச் சங்கங்கள் விசாரித்து, தேதியோடு, ஸ்டேஷன் பெயரோடு எழுதி அனுப்புங்கள். மாதர் சங்கத் தோழர்களும் விவசாயத் தொழிலாளர் சங்கத் தோழர்களும் இதில் சேர்ந்து கொள்ளலாம். கிடைத்தவற்றைத் திரட்டிச் சட்டசபையில் நம் தோழர்களிடம் கொடுப்போம்.

கேள்வி கேட்ட இளம் தோழர் அடுத்த வகுப்புக்கு வரும்போது, தம் இலாகாவிலிருந்து இன்னும் நாலு பேரை அழைத்து வருவதாகச் சொல்லியிருக்கிறார். வகுப்பு வழக்கம் போல ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு.